வீட்டிலேயே பேஸ் கிட்டார் பிக்கப் செய்வது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சர்ச் குழுவில் பேஸ் வாசிப்பவர், கல்லூரி பேண்ட் வைத்திருப்பவர், லைட் மியூசிக் கச்சேரிக்குப் போகிறவர் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் தொகுத்து வைப்பது நல்லது. பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அதிர்வை ஆம்புக்குப் போகும் மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. "பிக்கப்புக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? பிரிச்சுப் பார்க்கவே பயமா இருக்கு."

காந்தம், அதைச் சுற்றி முடியை விட மெல்லிய எனாமல் தாமிரக் கம்பி. அவ்வளவுதான். மேலே இருக்கும் இரும்பு ஸ்ட்ரிங்கைக் காந்தம் தானும் ஒரு சிறு காந்தமாக்கி விடுகிறது. ஸ்ட்ரிங் அதிரும்போது சுருளுக்குள் காந்தப் பாயம் (சுருளைக் கடக்கும் காந்தப்புலத்தின் அளவு) ஏறி இறங்குகிறது. அதனால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். கிட்டாருக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் போஷாம். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 'ஃப்ரையிங் பேன்' கிட்டாருக்காக அவர் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 1937-ஆம் ஆண்டினது.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் வடிவத்திலும் அளவிலும்தான். வீட்டு மேசையில் செய்ய முடிவதற்குக் காரணமும் இந்த எளிமைதான்.

2. "அப்போ மைக் மாதிரி சத்தத்தைத்தானே எடுக்குது? நைலான் ஸ்ட்ரிங் போட்டாலும் வேலை செய்யுமா?"

இல்லை. பிக்கப்புக்குக் காற்றில் வரும் சத்தம் தேவையில்லை. இரும்போ நிக்கலோ அசைய வேண்டும், அவ்வளவுதான். வெறும் நைலான் ஸ்ட்ரிங்கை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. 'டேப்வூண்ட்' என்று கறுப்பாக வரும் பேஸ் ஸ்ட்ரிங்குக்கு உள்ளே எஃகு நரம்பு இருப்பதால் அது நன்றாகவே கேட்கும். வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் பேஸ் ஸ்ட்ரிங்கில் நடுவிலிருக்கும் எஃகு மட்டும் வேலை செய்யும், சத்தம் குறையும்.

3. "கடையில வாங்குறதை விட வீட்ல செஞ்சா காசு மிச்சம்தானே?"

ஒரே ஒரு பிக்கப் வேண்டுமென்றால் மிச்சமாகாது. கம்பி, காந்தம், பாபினுக்கான (கம்பி சுற்றும் சட்டம்) தகடு, சுற்றுவதற்கு ஒரு மோட்டார், எண்ணுவதற்கு ஒரு கருவி என்று சேர்த்தால் மலிவான ரெடிமேட் பிக்கப்பின் விலையைத் தாண்டிவிடும். செய்வதற்கு நியாயமான காரணங்கள் வேறு: கடையில் கிடைக்காத அளவு வேண்டும், பழைய கிட்டாரின் இறந்துபோன பிக்கப்பை உயிர்ப்பிக்க வேண்டும், அல்லது இது எப்படி வேலை செய்கிறது என்று கை வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது காரணம் இருப்பவர்தான் முதல் சுருள் அறுந்தபிறகும் தொடர்வார்.

4. "முதல் தடவை செய்றவன் எந்த டிசைன்ல ஆரம்பிக்கணும்? நேரா பிரெசிஷன் டைப் செய்யலாமா?"

ஜாஸ் பேஸ் பாணி ஒற்றைச் சுருளில் ஆரம்பியுங்கள். நீளமான ஒரே பாபின், ஒரே சுருள், நான்கு ஸ்ட்ரிங்கும் அதன்மேல். ஃபெண்டர் என்ற கிட்டார் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இப்படி இரண்டு பிக்கப் இருக்கும்.

அதே ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸ் 1951-இல் வந்தபோது அதிலும் ஒற்றைச் சுருள்தான். இப்போது நாம் பார்க்கும் இரண்டு துண்டு வடிவம் ('ஸ்ப்ளிட் காயில்') 1957-இல் வந்தது. இரண்டு சிறிய சுருள்களையும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும்; காந்தத் திசையும் சுற்றும் திசையும் எதிரெதிராக இருக்க வேண்டும். ஒரு சுருளை ஒழுங்காக முடித்த கைக்கு அது கஷ்டமில்லை. அதன் இணைப்பு விவரம் 17-இல் இருக்கிறது.

5. "42 நம்பர் கம்பின்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. ரீவைண்டிங் கடையில 42 கேட்டு வாங்கினேன், 4,000 சுத்துக்குள்ள பாபின் நிறைஞ்சிடுச்சு. ஏன்?"

அதிகம் பேர் காசை விடும் இடம் இது. வீடியோவில் சொல்லும் 42, அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி. அதன் தாமிரத் தடிமன் சுமார் 0.063 மி.மீ. நம் ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்பது 0.10 மி.மீ. குறுக்குப் பரப்பில் இரண்டரை மடங்கு. பாபின் நிறையாமல் என்ன செய்யும்?

நீங்கள் கேட்க வேண்டியது 46 எஸ்.டபிள்யூ.ஜி., 0.061 மி.மீ. அமெரிக்க 42-ஐ விட ஒரு நூல் மெல்லியது. அதே சுற்றுக்கு ஓம் (மின்தடை) மட்டும் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும், வேறு வித்தியாசம் காதுக்குத் தெரியாது. நம்பரைச் சொல்லாமல் "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு மில்லி" என்று தடிமனையே சொல்லிக் கேட்பது இன்னும் பாதுகாப்பு. ஃபேன் காயில் கட்டும் சாதாரணக் கடையில் இது இருக்காது. ரிலே, சிறிய டிரான்ஸ்பார்மர் சுற்றுபவர்களுக்குச் சப்ளை செய்யும் கடைகளைத் தேட வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? ஜாஸ் பேஸ் பாபினில் ஒரு சுற்று சராசரியாக 17 செ.மீ. 9,000 சுற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர் கம்பி. எடையில் பார்த்தால் நாற்பது கிராம் சொச்சம்தான். 100 கிராம் ரீல் வாங்கினால் அறுந்து வீணாவது போக இரண்டு சுருள் வரும்.

6. "பழைய ரிலே, மோட்டார் இதுலேருந்து கம்பி உருவிக்கலாம்ல?"

ஃபேன், மிக்சி மோட்டார் கம்பிகள் இதற்கு மிகத் தடிமன். 230 வோல்ட் ரிலேயின் சுருளில் இருப்பது சரியான மெல்லிய கம்பிதான், ஆனால் வார்னிஷில் ஊறியிருந்தால் சில மீட்டருக்கு ஒருமுறை அறும். ஒன்றரை கிலோமீட்டருக்கு எத்தனை ஒட்டுப் போடுவீர்கள்? பரிசோதனைக்கு என்றால் அந்த ரிலே சுருளையே பிரிக்காமல் நடுவில் ஒரு சிறு காந்தத்தை வைத்து ஒரு ஸ்ட்ரிங்குக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். ஆம்பில் சத்தம் வரும். கேள்வி 1-இல் சொன்னதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

7. "காந்தம் எது போடணும்? அல்நிகோதான் வேணும்னு சொல்றாங்க, கிடைக்கவே மாட்டேங்குது. ஸ்பீக்கர் காந்தம் சரிவருமா?"

பழைய ஃபெண்டர் பாணி என்றால் அல்நிகோ 5 உருளைகள்: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகக் கலவை. சுமார் 5 மி.மீ. விட்டம். ஆன்லைனில் பிக்கப் பாகங்கள் விற்பவர்களிடம் வாங்குவதே வழி. சில சமயம் காந்தம் ஏற்றாமலே வரும். குண்டூசி ஒட்டவில்லை என்று பயப்பட வேண்டாம். இரண்டு பெரிய நியோடிமியம் காந்தங்களை எதிரெதிர்த் துருவம் பார்க்குமாறு வைஸில் இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே உருளையை நுழைத்து எடுத்தால் ஏறிவிடும். விரல் ஜாக்கிரதை, அந்தக் காந்தங்கள் ஒன்றையொன்று பாய்ந்து பிடிக்கும்.

அல்நிகோ இல்லாவிட்டால் ஃபெரைட் பட்டை வாங்குங்கள். பாபினில் காந்த உருளைக்குப் பதில் சாதாரண இரும்பு ஆணித் துண்டுகளைச் செருகி, அடியில் அந்தப் பட்டையை ஒட்டிவிடலாம். மலிவான பிக்கப்புகள் பல இப்படித்தான் செய்யப்படுகின்றன. அதற்காக மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. இரும்பு நடுவில் இருப்பதால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் சுருளின் குணம்) ஏறி, அதே சுற்றுக்குத் தொனி கொஞ்சம் கனமாக வரும். ஸ்பீக்கர் காந்தம் வளையமாக இருக்கும், உடைத்தால் நொறுங்கும், அதைத் தொடாதீர்கள்.

நியோடிமியம் உருளையை நேராகப் போடலாமா என்றால், போடலாம். மெல்லிய, குட்டையான துண்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்கையே இழுத்துவிடும் (கேள்வி 19). சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் பலம் இழக்கும் என்பதை மெழுகு ஊற்றும்போது நினைவில் வையுங்கள்.

8. "ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரு காந்தம் போதாதா? பேஸ்ல மட்டும் ஏன் ரெண்டு ரெண்டா இருக்கு?"

1951 பிரெசிஷனில் ஒன்றுதான் இருந்தது. பேஸ் ஸ்ட்ரிங் கிட்டார் ஸ்ட்ரிங்கை விட அகலமாக ஆடும். ஒரே காந்தத்தின் உச்சிக்கு மேல் அப்படி ஆடும்போது தட்டின கணத்தில் சத்தம் குத்தலாக எகிறும். இரண்டு காந்தத்துக்கு நடுவே ஸ்ட்ரிங்கை ஓடவிட்டால் அந்தக் குத்தல் தணிந்து, சத்தம் சமமாக வரும். ஒற்றைக் காந்தத்தின் கூர்மையே பிடிக்கும் என்பவர்களும் உண்டு. அது ருசி சம்பந்தப்பட்டது.

9. "பாபின் எதுல செய்றது? 3டி பிரிண்டர் இல்லாம முடியுமா?"

தாராளமாக. பாபின் என்பது மேலும் கீழும் இரண்டு தகடு, நடுவில் தூணாகக் காந்த உருளைகள். தகட்டுக்கு 2 மி.மீ. ஹைலம் ஷீட் (மின்சாரம் கடத்தாத கெட்டியான தகடு) மிக நல்லது. கம்பி வாங்கும் ரீவைண்டிங் கடையிலேயே கிடைக்கும். தச்சரிடம் மிஞ்சிய சன்மைக்காத் துண்டும் போதும், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

இரண்டு தகட்டையும் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் ஓட்டை போடுங்கள், அப்போதுதான் உருளைகள் நேராக நிற்கும். ஓட்டை உருளையை விட மயிரிழை அளவு மட்டும் சிறியதாக இருந்து, தட்டி இறக்கும்படி இருக்க வேண்டும். ஸ்ட்ரிங் இடைவெளி பாலத்தருகே (கிட்டார் உடலில் ஸ்ட்ரிங் வந்து முடியும் இடம்) வழக்கமாக 19 மி.மீ. இருக்கும், உங்கள் கிட்டாரில் பிக்கப் வரும் இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தே ஓட்டை போடுங்கள். இரண்டு தகட்டுக்கும் இடையே 11, 12 மி.மீ. சுற்றுவதற்கான இடம்.

சுற்ற ஆரம்பிக்கும் முன் உருளைகளைச் சுற்றி ஒரு அடுக்கு மெல்லிய டேப். இதை விட்டால் கம்பியின் எனாமல் காந்தத்தில் உரசி, ஆறு மாதத்தில் துருவோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். தகட்டின் உள்விளிம்பையும் உப்புத்தாளால் வழவழவென்று தேயுங்கள். கம்பி அறுவதில் பாதி அந்த விளிம்பில் சிக்கித்தான்.

10. "எத்தனை சுத்து சுத்தணும்? ஒவ்வொருத்தரும் ஒரு கணக்கு சொல்றாங்க."

ஜாஸ் பாணிக்கு 8,000-லிருந்து 9,500 வரை. பிரெசிஷன் பாணிக்கு ஒவ்வொரு பாதிக்கும் 9,000, 10,000 என்று போகும். முதல் சுருளுக்கு 8,000 வைத்து நிறுத்துங்கள். குறைவான சுற்று தெளிவாக ஒலிக்கும், ஆம்பில் கொஞ்சம் திருகினால் சத்தம் வந்துவிடும். அதிகமாகச் சுற்றி மங்கிப்போனதை எந்த நாபைத் திருகினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏன் மங்குகிறது என்பது 13-இல்.

11. "எப்படிச் சுத்துறது? கையால முடியுமா? எண்ணுறது எப்படி?"

கையால் 8,000 சுற்று முடியாது என்று இல்லை, ஆனால் வேண்டாம். வேகம் கட்டுப்படுத்தக்கூடிய டிரில்லிங் மெஷினை மேசையில் கிடத்திக் கட்டியோ, பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்தோ, அச்சில் ஒரு மரத் தகட்டைப் பொருத்தி அதில் பாபினை இருபக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். நிமிடத்துக்கு 500 சுற்று வேகம் போதும். கால் மணி நேரம் சொச்சத்தில் 8,000 முடிந்துவிடும்.

கம்பி ரீலைச் சுழல விடக் கூடாது. தரையில் நிமிர்த்தி வைத்து, மேல்பக்கமாகக் கம்பி உருவி வரட்டும். இந்தக் கம்பி சுமார் 70 கிராம் இழுவைக்கே அறும். எனவே விரல்களுக்கு இடையே ஒரு பழைய பனியன் துணியை மடித்து, அதன் நடுவே கம்பி வழுக்கிப்போகும்படி பிடியுங்கள். இடம் வலமாகக் கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், தையல் மெஷின் பாபினில் நூல் ஏற்றுவது போல. அறையில் ஃபேனை நிறுத்திவிடுங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை, காற்றில் அலையும் கம்பியைக் கண்ணால் தேடுவது அதைவிடக் கொடுமை.

எண்ணுவதற்கு ஒரு மலிவான வழி: சாதாரண கால்குலேட்டரைத் திறந்து, சமக்குறிப் பொத்தானின் இரு முனைகளில் ஒரு ரீட் ஸ்விட்சை (காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் சிறு ஸ்விட்ச்) பற்றவையுங்கள். சுழலும் தகட்டில் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்திவிட்டு மோட்டாரை ஓட்டினால், காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். வேகம் ஏறினால் சில கால்குலேட்டர்கள் எண்ணத் தவறும், அதற்காகவும்தான் 500 என்றேன். முதல் நூறு சுற்றைக் கண்ணால் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

12. "6,000 சுத்துல கம்பி அறுந்துபோச்சு. எல்லாத்தையும் தூக்கிப் போடணுமா?"

வேண்டாம். அறுந்த முனையைக் கண்டுபிடித்து, இரண்டு மூன்று சுற்று பிரித்து, இரண்டு முனைகளின் எனாமலையும் நீக்கி, முறுக்கிப் பற்றவைத்து, மேலே மெல்லிய டேப் துண்டு ஒன்றை மடித்து ஒட்டிவிட்டுத் தொடருங்கள். ஒலியில் எந்த மாற்றமும் வராது. பாலியூரித்தேன் எனாமல் என்றால் சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே கரைந்து ஈயம் பிடிக்கும். மற்ற ரகங்களை நைசான உப்புத்தாளை மடித்து மெதுவாக உருவ வேண்டும். ஒட்டுப் போட்டதும் உள்முனைக்கும் புதுமுனைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே மோட்டாரைத் தொடுங்கள்.

13. "என் பிக்கப் 12 கிலோ ஓம் காட்டுது, நண்பனோடது 7.5. அப்போ என்னோடதுதானே பவர்?"

ஓம் என்பது கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெல்லிசு என்று மட்டும் சொல்கிறது. அதே 8,000 சுற்றை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினால் ஓம் ஏறும், சத்தம் ஏறாது. வெயில் ஏறினாலே ஓம் ஏறும்: தாமிரத்தின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும், 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டுவது 35 டிகிரி மதியத்தில் 8.5-ஐத் தொடும். கடைக்காரர்கள் பெட்டிமேல் அச்சிடுவதால் இந்த எண்ணுக்கு இல்லாத மரியாதை வந்துவிட்டது.

தொனியைத் தீர்மானிப்பது இண்டக்டன்ஸும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் குணம்) சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு, அதாவது குறிப்பிட்ட ஒரு அலைவெண்ணில் சமிக்ஞை உச்சிக்கு எகிறுவது. ஜாஸ் பாணிச் சுருள் ஒன்று 4 ஹென்றி, ஐந்தாறு மீட்டர் கேபிள் 600 பிகோபாரட் என்று வைத்தால் அந்த உச்சி 3,250 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிடும். இண்டக்டன்ஸ் ஏறக்குறைய சுற்றின் வர்க்கத்தில் ஏறுவதால், சுற்றை 40 சதவீதம் கூட்டினாலே 8 ஹென்றி ஆகிவிடும். உச்சி 2,300 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். விரல் பட்ட 'டிக்' ஒலி, ஸ்லாப் (கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கை அடிக்கும் முறை) அடிக்கும்போது வரும் பளிச்சென்ற ஓசை எல்லாம் காணாமல் போகும். சத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், பாட்டுக்குள் பேஸ் தனியாகத் தெரியாது.

மீட்டர் வாசிப்பு எதற்குப் பயன்படும் என்றால் நோய் கண்டுபிடிக்க. எல்லையின்மை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. கணக்கை விட வெகுவாகக் குறைந்தால் உள்ளே ஷார்ட்.

14. "மெழுகு ஊத்தியே ஆகணுமா? சும்மா விட்டா என்ன?"

தளர்வாகச் சுற்றிய சுருளில் கம்பிகளே அதிர ஆரம்பிக்கும். அப்போது பிக்கப்பை விரலால் தட்டினால் ஆம்பில் 'டொக்' என்று கேட்கும். சத்தம் ஏற்றினால் கீச்சிடும். வீட்டுக்குள் மெதுவாக வாசிப்பவருக்குத் தேவையில்லை. மேடையில் வாசிப்பவர் ஊற்றிவிடுவது நல்லது.

சாதாரண மெழுகோடு ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு. ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகு. நேரடித் தீயில் ஒருபோதும் வேண்டாம், பற்றிக்கொள்ளும். 65 டிகிரிக்குள் வைத்து, சுருளை முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை, கால் மணியோ இருபது நிமிடமோ விடுங்கள். பிளாஸ்டிக் பாபின் வளையும், ஹைலம் வளையாது.

15. "ஊம்ம்னு இரையுது. ஸ்ட்ரிங்கைத் தொட்டா நிக்குது. வேற ஒருத்தனோடது தொட்டாலும் நிக்கல. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் வேறு. தொட்டால் குறைவது மின்புலத்தால் வரும் சடசடப்பு: உங்கள் உடம்பே ஆண்டெனாவாக இருந்து, தொட்டதும் எர்த் ஆகிவிடுகிறது. பிக்கப் குழியையும் கன்ட்ரோல் குழியையும் தாமிர டேப் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் பெரும்பாலும் போய்விடும். பாலத்துக்குப் போகும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொட்டாலும் நிற்காமல், நீங்கள் திரும்பி நிற்கும் திசைக்கேற்பக் கூடிக் குறைவது காந்தப்புலத்தால் வரும் ஹம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று கேட்கும். டிரான்ஸ்பார்மர் அருகே நின்றால் அதிகம். தாமிர டேப் இதைத் தடுக்காது; ஒற்றைச் சுருளின் பிறவிக்குணம் இது. தீர்வு இரண்டாவது சுருள். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் ஹம்பக்கருக்கு (ஹம்மை அழிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) காப்புரிமை கேட்டது இந்தத் தொல்லைக்காகத்தான். திருகினால் வேகம் மாறும் ஃபேன் ரெகுலேட்டரும் டிம்மர் விளக்கும் ஓடினால் இரண்டு வகை இரைச்சலும் சேர்ந்து வரும். முதலில் அவற்றை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்னொன்று, இதை அலட்சியம் செய்ய வேண்டாம். உங்கள் ஸ்ட்ரிங் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் சுர்ரென்றால் அது பிக்கப் பிரச்சினை அல்ல. வாசிப்பதை நிறுத்தி, பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

16. "ரெண்டு பிக்கப்பும் தனித்தனியா நல்லா இருக்கு. சேர்த்துப் போட்டா பேஸே இல்லாம ஒல்லியாயிடுது."

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. கீழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும்.

ஆனால் மாற்றும் முன் யோசியுங்கள். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் காந்தத் துருவத்திலும் சுற்றுத் திசையிலும் எதிரெதிர். காந்தத்தைத் திருப்பினால் இசைச் சமிக்ஞை மட்டும் திரும்பும்; சுற்றுத் திசையைத் திருப்பினால் இசை, ஹம் இரண்டும் திரும்பும். இரண்டையும் திருப்பினால் இசை நேராகிவிடும், ஹம் மட்டும் எதிராகி அழியும். அதனால் இரண்டாவது பிக்கப்பைச் செய்யும்போதே காந்தங்களைத் தலைகீழாக இறக்கிக்கொண்டால் இரைச்சலும் போகும். துருவம் பார்க்கத் திசைகாட்டி போதும், போனில் இருக்கும் காம்பஸ்கூட அசைந்து காட்டும்.

பொருத்துவதற்கு முன்பே சோதிக்க: முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் பிக்கப்பை மாட்டி, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் மேல் சட்டென்று வைத்துப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் உதறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் உதறும்படி ஒயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

17. "பிரெசிஷன் ஸ்ப்ளிட் காயில் ரெண்டையும் எப்படி இணைக்கிறது?"

வரிசையாக: ஒன்றின் முடிவு மற்றதன் முடிவோடு, இரண்டின் தொடக்கமும் வெளியே, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். இரண்டு பாதியையும் ஒரே திசையில் சுற்றிவிட்டு இப்படி இணைத்தால் மின்சாரக் கணக்கில் ஒன்று தலைகீழாகிவிடும். காந்தம் மட்டும் ஒன்றில் வடக்கு மேல், மற்றதில் தெற்கு மேல். மீதி தர்க்கம் 16-இல் சொன்னதே. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஒரு சுருளின் மேல் மட்டும் ஓடுவதால் ஹம் போனாலும் தொனி ஒற்றைச் சுருளாகவே இருக்கும். பேஸுக்காக வந்த யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

18. "பிக்கப்பை எந்த இடத்துல வச்சா நல்லா இருக்கும்? ஹார்மோனிக் பாயிண்ட்ல வைக்கணுமாமே?"

என் அனுபவத்தில் கம்பி ரகம், காந்த ரகம் எல்லாவற்றையும் விட இடம்தான் அதிகம் பேசும். பாலத்தருகே வைத்தால் இறுக்கம், மூக்கால் பேசும் தொனி. கழுத்தருகே வைத்தால் உருண்டையான அடி ஒலி. 1970-களில் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பின் பிக்கப்பைச் சுமார் ஒரு செ.மீ. பாலத்தை நோக்கி நகர்த்தியது. வாசிப்பவர்கள் இன்றும் அந்த ஒரு செ.மீ.க்காகச் சண்டை போடுகிறார்கள்.

ஹார்மோனிக் (அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்கு ஒலிகள்) கணக்கு முழுக்கப் பொய்யல்ல. அதிரும் ஸ்ட்ரிங்கின் நீளம் 864 மி.மீ. என்றால் பாலத்திலிருந்து 216 மி.மீ. சரியாகக் கால் பங்கு. அங்கே காலி ஸ்ட்ரிங்கின் நான்காவது, எட்டாவது ஹார்மோனிக் கேட்காது. ஆனால் ஒரு ஃப்ரெட்டை அழுத்தியதுமே நீளம் மாறி அந்தக் கணக்கு கலைந்துவிடும். மரத்தைக் குடைவதற்கு முன் பிக்கப்பைத் தலைகீழாக ஸ்ட்ரிங்குக்கு மேலே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். மேலிருந்தும் அது எடுக்கும். காதுக்குப் பிடித்த இடத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டுக் குடையுங்கள்.

19. "மேல் ஃப்ரெட்ல வாசிச்சா சுருதி தடுமாறுது, அலையுது. நெக் வளைஞ்சிருக்கா?"

பிக்கப்பை இரண்டு ஸ்க்ரூவையும் திருகிக் கீழே இறக்கிப் பாருங்கள். தடுமாற்றம் நின்றால் காந்தம்தான் ஸ்ட்ரிங்கை இழுத்துக்கொண்டிருந்தது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி ஸ்ட்ரிங்குக்கும் காந்தத்துக்கும் இடையே தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. ஆரம்ப அளவு. நியோடிமியம் என்றால் இன்னும் இறக்க வேண்டியிருக்கும்.

20. "பாட், கெப்பாசிட்டர் என்ன மதிப்பு?"

வால்யூம், டோன் இரண்டுக்கும் 250 கிலோ ஓம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மாறுதடை), கிடைக்காவிட்டால் 220. டோனுக்கு 0.047 மைக்ரோபாரட், மேலே 473 என்று அச்சிட்டிருக்கும். எண்ணெயில் ஊறிய விலை உயர்ந்த கெப்பாசிட்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம், மதிப்பு ஒன்றானால் காது வித்தியாசம் சொல்லாது. 500 கிலோ ஓம் பாட் போட்டால் 13-இல் சொன்ன உச்சி கொஞ்சம் கூர்மையாகும்.

21. "கையால தாறுமாறா சுத்தினாத்தான் உயிர் வரும்னு சொல்றாங்களே?"

ஒழுங்கில்லாமல் சுற்றும்போது அடுத்தடுத்த அடுக்குகளுக்கிடையே இடைவெளி கூடி, சுருளின் உள் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் குறையும். உண்மைதான். ஆனால் அது குறையும் அளவை விட உங்கள் கேபிளில் இருப்பது பல மடங்கு. ஒரு மீட்டர் கேபிளை வெட்டிக் குறைத்தால் அதே அளவு 'உயிர்' வரும். வீட்டில் சுற்றும் எல்லாமே தாறுமாறாகத்தான் வரும் என்பதால் இதைப் பற்றித் தனியாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

22. "இவ்வளவு மெல்லிய கம்பி என் கைக்கு ஒத்துவரல. தடிமனான கம்பியில வழியே இல்லையா?"

இருக்கிறது, ஏனோ யாரும் கேட்பதில்லை. 40 எஸ்.டபிள்யூ.ஜி., 0.12 மி.மீ. கம்பியில் 1,000 சுற்று மட்டும் சுற்றுங்கள். சுமார் 250 ஓம் வரும். சமிக்ஞை மிகச் சிறியது, ஆகவே கிட்டார் ஆம்பில் நேராகச் செருகினால் முணுமுணுக்கும். மிக்சரின் மைக் உள்ளீட்டில் செருகுங்கள், அல்லது நடுவே ஒரு மைக் டிரான்ஸ்பார்மர் வையுங்கள். கேபிள் எவ்வளவு நீளமானாலும் தொனி மங்காது, மேல் ஒலி முழுவதும் அப்படியே வரும். சிலருக்கு அது கண்ணாடி போலச் சுத்தமாக, உணர்ச்சியில்லாமல் தோன்றும். ரெக்கார்டிங் செய்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

23. "அப்பா காலத்து கிட்டார், பிக்கப் செத்துப்போச்சு. காந்தம் நல்லா இருக்கு. மறுபடி சுத்தலாமா?"

சுற்றுவதற்கு முன் அது உண்மையிலேயே செத்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் அறுந்திருப்பது மெல்லிய கம்பி வெளி ஒயரோடு சேரும் இடத்தில்தான், வியர்வையும் கடற்காற்றும் பட்டுப் பச்சை பிடித்திருக்கும். வெளிமுனை என்றால் ஒன்றிரண்டு சுற்று பிரித்துப் புதிதாகப் பற்றவைத்தால் உயிர் வந்துவிடும். உள்முனை அடியில் அறுந்திருந்தால் வழியில்லை.

அப்படியானால் பழைய சுருளைப் பிளேடால் கீறி அடுக்கடுக்காக எடுங்கள். காந்த உருளைகளைத் தட்டி வெளியே தள்ள வேண்டாம், பழைய தகடு வெடிக்கும். எடுக்கும் முன், மேலிருந்து பார்க்கும்போது கம்பி வலஞ்சுழியா இடஞ்சுழியா, மேலே எந்தத் துருவம், எந்த ஒயர் உள்முனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கம்பித் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், எனாமலோடு சேர்த்துத்தான் காட்டும். பிறகு டேப் ஒரு அடுக்கு, கேள்வி 11 வேகம், 8,000 சுற்று.